இல்லத்தை விட்டுக் கிளம்பும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு செய்வது? – கேள்வி பதில்

காப்பகங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் 18 வயது முடிந்து வெளியே வரும்போது அவர்களுக்கு எப்படிப்பட்ட உதவி அமைய வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் இந்த வேலைக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஐந்து ஆண்டுகள் ஓர் இல்லத்தில் பணியாளராக இருந்தேன், அப்புறம் வெளியேறியவர்களுக்கான பின்பராமரிப்புப் பிரிவுக்கு வந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

இல்லக் கண்காணிப்பாளர் ஒருவர்: பிள்ளைகள் வெளியேறுவதற்கு ஆறு மாதம் முன்பு வாழ்க்கைத்திறன் வகுப்பு நடத்துகிறோம். வங்கி, சமையல், வேலைக்கு விண்ணப்பிப்பது எல்லாம் சொல்லித்தருகிறோம். ஆனாலும் வெளியே போனதும் தடுமாறுகிறார்கள். எங்கே தவறு மேடம்?

ஆறு மாதம் போதாது. 14, 15 வயதிலேயே தொடங்கிவிடுங்கள். பெற்றோரிடம் இல்லாமல் வளரும் பிள்ளைகளுக்காக ஐ.நா. பொதுச்சபை 2009-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும் இதைத்தான் சொல்கின்றன: பிள்ளை பராமரிப்பில் இருக்கும் காலத்திலேயே, முடிந்தவரை சீக்கிரமாகப் பின்பராமரிப்புக்குத் தயார் செய்ய வேண்டும்.

ஆனால் காலத்தைவிடப் பெரிய சிக்கல், இதை வகுப்பாக வைத்திருப்பதுதான். வீட்டில் வளரும் பிள்ளை இதையெல்லாம் உட்கார்ந்து படிப்பதில்லை. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறது. மின்கட்டணம் கூடிப்போன மாதம் வீட்டில் நடக்கும் பேச்சு காதில் விழுகிறது. இல்லத்திலோ சாமான்கள் மொத்தமாக வந்து இறங்கும், பில் அலுவலகத்துக்குப் போய்விடும், சமையலறைக்குள் பிள்ளைகளை விடமாட்டோம்.

எங்களிடம் ஒரு பெண் இருந்தாள். கணக்கு எழுதுவாள், நன்றாகச் சமைப்பாள், எங்கள் வகுப்பில் எல்லாவற்றிலும் முதல். தனி அறைக்குக் குடிபோன முதல் வாரத்திலேயே இரண்டு முறை சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள். இரண்டாவது முறை நான்தான் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "மேடம், இதுவரைக்கும் எங்கிட்ட சாவியே இருந்ததில்லை" என்றாள். அவள் வளர்ந்த இடத்தில் எந்நேரமும் உள்ளே யாராவது இருப்பார்கள், தட்டினால் திறப்பார்கள். 13 ஆண்டுகள் அவளை வளர்த்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு 15 வயதான எல்லோருக்கும் ஆளுக்கொரு அலமாரியும் பூட்டும் சாவியும் கொடுத்தோம். தொலைத்தார்கள், தேடினார்கள், மாற்றுச் சாவி செய்துகொண்டார்கள். உங்கள் இல்லத்திலும் அப்படித்தான் பாருங்கள்: பிள்ளைகளுக்காக நாம் செய்துவிடும் எந்தெந்த வேலையை நாளைக்கே அவர்கள் கையில் கொடுக்கலாம்? தவறு செய்தாலும் அருகில் ஆள் இருக்கும் வயதிலேயே அந்தத் தவறுகள் நடந்து முடியட்டும்.

சமூகப்பணி படிக்கும் மாணவி: எந்த வயதுவரை ஆதரவு தர வேண்டும்? 18, 21, 25 என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு எண் இருக்கிறதே?

ஆமாம், ஆனால் எண்கள் மேலே போய்க்கொண்டிருக்கின்றன, அது நல்லது. இங்கிலாந்தில் 2017-ல் வந்த சட்டம் 25 வயதுவரை தனி ஆலோசகர் ஒருவரின் உதவியைக் கேட்கும் உரிமையைத் தந்தது. ஸ்காட்லாந்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுவரை இருந்த இடத்திலேயே தொடரலாம், 26-ஆவது பிறந்தநாள்வரை பின்பராமரிப்பு கேட்கலாம். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 21 வயதுவரை என்கிறது. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சிறப்புச் சூழலில் 23 வரை நீட்டிக்க இடம் தருகின்றன.

அமெரிக்காவில் மார்க் கோர்ட்னி தலைமையில் நடந்த ஓர் ஆய்வை நீங்கள் படிக்க வேண்டும். இல்லினாய், விஸ்கான்சின், அயோவா ஆகிய மூன்று மாநிலங்களில் 700-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 17 வயதில் தொடங்கி 26 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். அப்போது இல்லினாயில் 21 வரை பராமரிப்பில் இருக்க முடிந்தது, மற்ற இரண்டிலும் பெரும்பாலும் 18-லேயே கிளம்ப வேண்டியிருந்தது. கூடுதலாக இருந்தவர்கள் கல்லூரியில் சேர்வது அதிகமாக இருந்தது. ஆனால் வீடில்லாமல் தவிப்பதைப் பார்த்தால், கூடுதல் ஆண்டுகள் அதைத் தள்ளிப்போட்டன, முழுவதுமாகத் தடுக்கவில்லை. 18-ல் விழுந்த பள்ளத்தில் 21-ல் விழுந்தார்கள். அதனால் வயதை உயர்த்துவதோடு, அந்தக் கடைசி நாள் எப்படி இருக்கிறது என்பதையும் மாற்ற வேண்டும்.

யார்க் பல்கலைக்கழகத்தின் மைக் ஸ்டைன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: மற்ற பிள்ளைகள் பத்து வருடத்தில் மெல்ல மெல்லக் கடக்கும் தூரத்தை, இந்தப் பிள்ளைகள் மிகச் சீக்கிரத்தில், மிகக் குறுகிய காலத்துக்குள் கடந்தாக வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளையே பாருங்கள். வேலைக்குப் போகிறார்கள், சரிப்படவில்லை என்றால் திரும்பி வருகிறார்கள், மூன்று மாதம் வீட்டில் இருக்கிறார்கள், மறுபடி கிளம்புகிறார்கள். யாரும் அதைத் தோல்வி என்று கோப்பில் எழுதுவதில்லை. ஒரு சேவையை வடிவமைக்கும்போது நான் முதலில் கேட்பது அதில் திரும்பி வரும் வழி இருக்கிறதா என்றுதான். இரண்டு படுக்கைகளை எப்போதும் காலியாக வைத்திருங்கள். 19 வயதுப் பிள்ளை வேலை போய் வந்து நின்றால், படிவம் எதுவும் நிரப்பச் சொல்லாமல் இரண்டு வாரம் தங்க விடுங்கள்.

நன்கொடையாளர் ஒருவர்: கையில் பணமாகக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். பொருளாகக் கொடுப்பது நல்லதா?

பணமாகவே கொடுங்கள் ஐயா. ஆனால் எப்போது, எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

வெளியேறும் நாளில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வாழ்த்தி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். அதுவரை பெரிய தொகை எதையும் கையாளாத பிள்ளையிடம் அது நிற்காது. அதில் பாதியை நண்பர்கள் கடனாக வாங்கிவிடுவார்கள், இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்லவும் வராது. மாதாமாதம் தவறாமல் வரும் சிறிய தொகைதான் ஒரு மாதத்தைத் திட்டமிடக் கற்றுத்தருகிறது. 2022 ஜூலையில் வேல்ஸ் அரசு தொடங்கிய சோதனைத் திட்டத்தில், பராமரிப்பிலிருந்து வெளியேறி 18 வயதை எட்டியவர்களுக்கு 24 மாதங்கள், மாதம் 1,600 பவுண்டு, வரிக்கு முன்பாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய தொகை எல்லோராலும் முடியாது. அந்த ஒழுங்கை மட்டுமாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், பலர் கவனிக்காத விஷயம். வேலை கிடைத்துவிட்டது என்றதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் முதல் சம்பளம் வர ஒரு மாதமாவது ஆகும். அறைக்கு முன்பணம் இன்றைக்கு வேண்டும். பேருந்துக்கு, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் துணிக்கு, சாப்பாட்டுக்கு நாளைக்கு வேண்டும். என்னிடம் வந்தவர்களில் பலர் வேலையை விட்டது வேலை பிடிக்காமல் இல்லை, அந்த முதல் முப்பது நாளைத் தாண்ட முடியாமல்தான். உங்கள் நன்கொடை முழுவதையும் இந்த ஒரு மாதத்துக்கு என்று ஒதுக்கினாலும் நான் சந்தோஷப்படுவேன். அதோடு வாடகை ஒப்பந்தத்தில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்தக் கையெழுத்துக்கு யாரும் கிடைப்பதில்லை, நிறுவனமே பொறுப்பேற்கட்டும்.

பெயர் வேண்டாம் என்றவர், வயது 20: அக்கா, நான் வெளியே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நல்லா இருக்கேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். இப்போ வேலை போயிடுச்சு, நண்பன் ரூமில் இருக்கேன். இல்லத்துக்குப் போன் பண்ண வெட்கமா இருக்கு.

தம்பி, இன்றைக்கே பேசுங்கள். நீங்கள் அழைத்தால் அவர்கள் மனதில் முதலில் வருவது, இவன் நம்மை மறக்கவில்லை என்பதுதான். இந்தப் பக்கம் இருந்து அந்த அழைப்புகளை எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பேச முடியவில்லை என்றால் "நான்தான், பேசணும்" என்று ஒரு வரி அனுப்புங்கள், அவர்களே அழைப்பார்கள்.

ஒருவேளை அங்கே சரியான பதில் வரவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை, அங்கேயே நின்றுவிடாதீர்கள். உங்களோடு வளர்ந்து முன்பே வெளியே வந்த அண்ணனோ அக்காவோ ஒருவராவது இருப்பார், அவரிடம் பேசுங்கள். அறையில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதையும் அந்த நண்பரிடமே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் இருப்பதால்தான் அந்த நட்பும் கசந்துபோகிறது. சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ராத்திரியில் மனம் ரொம்ப பாரமாகி, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நண்பரை எழுப்புங்கள், உதவி எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் அருகிலுள்ள மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

இல்லப் பணியாளர்: வெளியே போன கையோடு பல பிள்ளைகள் பெற்றவர்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே ஏமாற்றம்தான். தடுக்கலாமா?

தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. நாம் செய்யக்கூடியது, அந்தப் பயணத்துக்கு முன்பு உட்கார்ந்து பேசுவது. கதவைத் திறப்பவர் அழலாம், கோபப்படலாம், உன்னைத் தெரியாது என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அன்று இரவு எங்கே தங்குவாய், யாரைக் கூப்பிடுவாய் என்று முன்னாடியே முடிவு செய்துகொள்ளட்டும்.

அதற்கும் முன்னால் அவர்களுடைய கோப்பை அவர்கள் படிக்க வேண்டும். தான் ஏன் இங்கே கொண்டுவந்து விடப்பட்டோம் என்று தெரியாமலே 18 வயதுவரை வளர்ந்த பிள்ளைகள் நிறைய பேர். கோப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பையன் தன் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த, நாலு வயதில் எடுத்த தன் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கும் அவனுடைய முதல் குழந்தைப் படம் அது. அதில் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூட நமக்கு அதுவரை தோன்றியதில்லை.

இன்னொரு பணியாளர்: எந்தெந்த ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்?

பிறப்புச் சான்று, அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்கள், மருத்துவக் குறிப்புகள் (தடுப்பூசி விவரம், ஒவ்வாமை, சாப்பிட்டுவரும் மருந்துகள்), வங்கிக் கணக்கு, அப்புறம் பராமரிப்பில் இருந்ததற்கான சான்று. பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைக்கு அதை வாங்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம், 16 வயதுக்கு முன்பே தொடங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

தன்னார்வலராக விரும்பும் ஒருவர்: வாரம் ஒரு நாள் ஒதுக்க முடியும். வழிகாட்டியாக இருக்க நான் என்ன தகுதி வளர்த்துக்கொள்ள வேண்டும்?

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வர முடியுமா என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு வழியில் உதவுங்கள்: தன்விவரக் குறிப்பு எழுதித் தரலாம், தெரிந்த இடத்தில் வேலைக்குச் சொல்லலாம். பாதியில் காணாமல் போனவர்கள் ஏற்கெனவே இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் நிறைய. முடியும் என்றால், அவசரப்பட்டு அறிவுரை சொல்லாதீர்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். முதல் ஐந்தாறு முறை அந்தப் பிள்ளை உங்களைக் காக்கவைக்கும், வராமலும் போகும். நீங்கள் அடுத்த வாரமும் வருகிறீர்களா என்று பார்க்கிறது. பின்னணிச் சரிபார்ப்பு கேட்டால் மனம் கோணாதீர்கள், அதைக் கேட்காத அமைப்பில் சேராதீர்கள்.

திட்ட மேலாளர்: எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று நிதி தருபவர்கள் கேட்கிறார்கள். வேறு எதை அளக்கலாம்?

அதையும் சொல்லுங்கள், ஆனால் வேலை கிடைத்த அன்று எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு நிறுத்தாதீர்கள். ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு கழித்துப் பாருங்கள். நான் கட்டாயம் கேட்கும் இரண்டு: நடுராத்திரியில் உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவாய்? போன ஓராண்டில் எத்தனை முறை இடம் மாறினாய்? அப்புறம், தொடர்பு அற்றுப்போனவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். 40 பேரில் 25 பேர்தான் பேசினார்கள் என்றால் அறிக்கையில் 40 என்றே இருக்கட்டும். பேசாத 15 பேர்தான் பெரும்பாலும் அதிகச் சிரமத்தில் இருப்பவர்கள்.

சிறப்புப் பள்ளி ஆசிரியர்: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு?

இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு சேவை தரப்போகிறவர்கள் அந்தப் பிள்ளையை 16 வயதிலேயே நேரில் வந்து பார்க்க வேண்டும். முழுத் தனி வாழ்க்கைதான் இலக்கு என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீர்கள்.

மூன்று பேர் கொண்ட சிறிய அமைப்பு: எங்களால் வீடோ பெரிய நிதியோ தர முடியாது. எதில் தொடங்குவது?

முதலில், ஏற்கெனவே வெளியேறிய ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, வந்த முதல் மாதத்தில் என்ன இல்லாமல் தவித்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள், மற்ற ஆலோசகர்களுக்குக் கொடுப்பதுபோல. அவர்கள் சொல்வது நீங்கள் போட்ட திட்டத்துக்கு நேர் எதிராக இருந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

அடுத்தது ஒரு தொலைபேசி எண். மூன்று பேரும் முறை வைத்து எடுங்கள், இரவிலும் எடுங்கள். பாதி அழைப்புகள் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்: சட்டையில் பட்ட கறை எப்படிப் போகும், காய்ச்சலுக்கு எந்த மாத்திரை, இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது. மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பதைத்தான் இவர்கள் உங்களிடம் கேட்கிறார்கள்.

அந்த எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். நாங்கள் ஒருமுறை அலுவலகம் மாறியபோது எண்ணையும் மாற்றினோம், எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். ஒரு பையனுடைய போன் அந்தச் சமயம் தொலைந்துபோயிருந்தது, செய்தி அவனுக்குப் போகவில்லை. மனப்பாடமாகத் தெரிந்திருந்த பழைய எண்ணுக்கு யார் யாரிடமோ போன் வாங்கி நான்கு மாதம் முயன்றிருக்கிறான். இப்போது அந்தப் பழைய எண்ணையும் திரும்ப வாங்கி, மாதாமாதம் கட்டணம் கட்டி, என் மேசையில் வைத்திருக்கிறேன்.