பட்டம், பலகை, வாவல்: குளுவாங் வாசகர்களுக்குப் பதில்கள்

தோட்டத்துத் திடலில் பட்டம் விடுவோரும், பட்டம் இழுக்கப் பலகையில் ஏறிக் கடலில் போக நினைப்போரும் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. பட்டம் எனக்கு ஐம்பது ஆண்டுப் பழக்கம். பலகை பதினொரு பருவங்கள். தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவர்): எங்கள் தோட்டத்துத் திடலில் சக்கரப் பலகையில் நின்றுகொண்டு, கடையில் வாங்கிய பட்டத்தால் இழுபட்டுப் போக முடியுமா ஐயா?

பதில்: கடைப் பட்டம் உங்களை இழுக்காது தம்பி, இழுக்கக்கூடிய பட்டத்தை அந்தத் திடலில் உங்களால் அடக்க முடியாது. காற்றின் வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். 12 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர்) காற்றில் சாதுவாக இழுக்கும் பட்டம் 17 நாட்டில் ஏறத்தாழ இரு மடங்கு விசையோடு இழுக்கும். இடையில் கூடியிருப்பது மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் மட்டுமே. கடலில் இறங்குவோர் பெரும்பாலும் 7 முதல் 14 சதுர மீட்டர் வரையுள்ள பட்டத்தை, 20 முதல் 24 மீட்டர் நீளக் கயிறுகளில் பறக்கவிட்டு, இடுப்பு வாரில் கொக்கியிட்டு நிற்கிறார்கள். கைத்தண்டை அருகே இழுத்தால் பட்டம் காற்றைப் பிடிக்கும். தள்ளினால் காற்றை விட்டுவிடும். அதற்கும் அடங்காதபோது விடுவிப்புப் பிடியைத் தள்ளினால், பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கித் துவண்டு விழும். இவை எவையும் இல்லாத பட்டத்தோடு உங்களைக் கட்டிக்கொள்ளக் கூடாது. திடலைச் சுற்றிச் செம்பனை நிற்பதால், காற்று அதன் தலைக்கு மேல் ஏறி இறங்கிச் சுழன்றுதான் உங்களிடம் வந்து சேரும். திடலின் ஓரத்தில் மின்கம்பியும் போகும். கம்பியில் சிக்கிய பட்டத்தைக் கழியால் தட்டி எடுக்க முயலாதீர்கள். பட்டம் போனால் போகட்டும்.

கேள்வி (லாரி ஓட்டுநர்): மெர்சிங் கடற்கரையில் பட்டப் பலகை எந்த மாதத்தில் பழகலாம்?

பதில்: நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, கஹாங் வழியாகக் கிளம்பிவிடுங்கள். தொடக்கத்தில் மழையும் அலையும் மிகுதி என்பதால், புதியவர்கள் பிப்ரவரிக்குக் காத்திருப்பது நல்லது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கரையோரத் தண்ணீர் குளம்போல் அமைதியாகத் தெரியும். அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது என்பதால், பட்டம் விழுந்தால் நீங்கள் திரும்பி வரும் திசை இருக்காது. அதில் இறங்காதீர்கள். பயிற்றுநர் இல்லாமல் எந்த மாதமும் வேண்டாம்.

கேள்வி (ஒரு தந்தை): மகனுக்கு நான் கட்டிய வாவ் (மலாய்ப் பட்டம்), எழும்பியவுடன் இடப்பக்கம் சுழன்று தலைகுப்புற விழுகிறது. வால் கட்டியும் பயனில்லை.

பதில்: வாலை அவிழ்த்துவிடுங்கள், குற்றம் சிறகில் இருக்கிறது. சிறகு மூங்கிலின் நடுப்புள்ளியை ஆள்காட்டி விரல்மேல் வையுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தைச் சிறிது சிறிதாகச் சீவி, மீண்டும் விரலில் வைத்துப் பாருங்கள். எடை ஒத்த பிறகு இரு முனைகளையும் வளைத்து, வளைவும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நெகிழ்ந்த பக்கம் காற்றில் அதிகம் மடங்கும். பட்டம் அந்தப் பக்கமே திரும்பும். உங்கள் வாவின் இடச்சிறகு மெலிந்துவிட்டது என்பது என் ஊகம். சீவும்போது உட்பக்கத்தை மட்டும் சீவுங்கள். மூங்கிலின் வலிமை பச்சைத் தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. என் முதல் வாவில் நான் தோலை வழவழவென்று சீவி அழகு பார்த்தேன். அது தலைக்கு மேல் மூன்று ஆள் உயரம் போனதும் படக்கென்று நடுவில் முறிந்தது. சரிசெய்த வாவைப் பறக்கவிட்டுப் பார்க்கும் இடத்தில், மேலே மின்கம்பி இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணாடித் தூள் பூசிய நூல் எங்கே கிடைக்கும்?

பதில்: சொல்ல மாட்டேன். அறுந்த நூல் தொங்குவது மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்து உயரத்தில்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை): 'வாவ்' என்பது வௌவாலைக் குறிக்கும் நம் 'வாவல்' தானே? நம் ஊரின் பெயரே வௌவால் அல்லவா?

பதில்: அருமையான கேள்வி அம்மா, ஆனால் உடன்பட முடியவில்லை. 'கெலுவாங்' என்பது மலாய் மொழியில் பழந்தின்னி வௌவால்; நம் ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்ததாகவே சொல்வார்கள். சங்கப் பாட்டிலேயே வாவல் பறக்கிறது. பறப்பனவற்றின் பெயரைப் பட்டத்துக்கு இடுவதும் இயல்பே: மலாய்க்காரர்களுக்கு 'லாயாங்-லாயாங்' என்பது பட்டத்துக்கும் தகைவிலான் குருவிக்கும் ஒரே பெயர். ஆயினும் கிளந்தானுக்கு வடக்கே தாய்லாந்து முழுவதும் பட்டத்தை 'வாவ்' என்றே அழைக்கிறார்கள். வேலிக்கு அப்பால் கேட்கும் சொல்லை விட்டுவிட்டுக் கடல் கடந்து வாவலைத் தேடுவதானால், அது 'ல்'லை எங்கே தொலைத்தது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும்.

கேள்வி (இளைஞர்): தமிழ் மாலுமிகள் அக்காலத்தில் கடாரம் வரை வந்தார்களே! தாய்லாந்துக்காரர்களும் நம்மிடமிருந்து எடுத்திருக்கலாமே?

பதில்: வந்தார்கள், கப்பலும் வாணிகமும் வந்தன. வந்தவர்கள் ஒரு வௌவாலைக் காட்டி அதன் பெயரைப் பட்டத்துக்குத் தந்தார்கள் என்பதற்கு, 'இருக்கலாமே' என்பது சான்றாகாது. உணவிலும் உடையிலும் சடங்கிலும் நாம் தந்தவை ஏராளம். இந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் குறைந்துபோக மாட்டோம்.

கேள்வி (மற்றொருவர்): சிறகின் வடிவம் ஜாவி (மலாயை எழுதும் அரபு வரிவடிவம்) எழுத்தான 'வாவ்' போல இருப்பதால் வந்த பெயர் என்கிறார் என் மலாய் நண்பர்.

பதில்: அதுவும் பரவலாகச் சொல்லப்படும் விளக்கமே. தாய் எழுத்து வேறு, சொல் மட்டும் ஒன்று என்பதால், அதையும் நான் தயக்கத்தோடுதான் ஏற்பேன்.

கேள்வி: பட்டம் இழுக்கப் பலகையில் போகும் விளையாட்டு ஒலிம்பிக்கில் உண்டா?

பதில்: உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் முதன்முறையாக நடந்தது. பக்கத்து ஊரான சிங்கப்பூரின் மேக்சிமிலியன் மேடர் 17 வயதில் வெண்கலம் வென்றார்.

கேள்வி: பருத்தி நூலில் மட்டும் கண்ணாடித் தூள் பூசினால் ஆபத்து குறையுமா?

பதில்: மேலே நூலைப் பற்றிச் சொன்னதை மீண்டும் படியுங்கள். கழுத்துக்குப் பருத்தி, நைலான் என்ற வேறுபாடு தெரியாது.

கேள்வி (அதே ஆசிரியை): நல்ல வாவை அருகில் பார்க்க எங்கே போகலாம்?

பதில்: பாசிர் கூடாங்கில் பட்டத்துக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. 1989 வரிசையின் 50 சென் நாணயம் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; அதில் பொறித்திருக்கும் வாவ் புலானையும் (நிலா வாவ்) சுவரில் தொங்கும் வாவையும் ஒப்பிட்டுப் பார்த்து, உங்களுக்கு வௌவால் தெரிந்ததா என்று எழுதுங்கள்.