சின்ன ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்?

கேள்வி: விண்வெளியில் காற்றே இல்லை. அப்படியிருக்க விண்கலத்துக்குள் இருக்கும் காற்று மட்டும் எப்படி வெளியே ஓடாமல் நிற்கிறது? சின்ன ஓட்டை விழுந்தாலும் உள்ளே இருப்பவர்களை வெற்றிடம் உறிஞ்சிவிடுமா?

பதில்: உறிஞ்சாது. வெற்றிடத்துக்கு எதையும் இழுக்கும் சக்தி கிடையாது, உள்ளே இருக்கும் காற்றுதான் சுவரை வெளியே தள்ளுகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் கடல்மட்டத்தில் இருக்கும் அதே அழுத்தம்தான், 14.7 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கிறோம், டயர் தாங்குகிறது இல்லையா? ஆனால் பரப்பு பெரிதானால் கணக்கு மாறும்: ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 10 டன் எடை ஏறி நிற்பதற்குச் சமம். அதனால்தான் உருளை, கோளம் என்று வளைந்த வடிவங்களில் கட்டுகிறார்கள். தட்டையான சுவர் புடைத்துக்கொள்ளும், வளைந்த சுவரிலோ அந்தத் தள்ளல் ஒரே சீராகப் பரவிவிடும்.

உண்மையில் சுவர் பெரிய கவலை இல்லை. கதவு, ஜன்னல், வால்வு, இரண்டு கலங்கள் இணையும் இடம், இங்கெல்லாம்தான் காற்று வழி தேடும். இணைப்புகளில் ரப்பர் போன்ற வளையங்களை ஒன்றுக்கு இரண்டாக வைத்து இறுக்குகிறார்கள். நிலையத்தின் பல கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை, அதாவது மூடியபின் உள்ளே இருக்கும் காற்றே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இதில் மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். இத்தனை செய்தும் கொஞ்சம் காற்று கசியத்தான் செய்கிறது. அதை ஈடுகட்ட நைட்ரஜனைத் தொட்டிகளிலிருந்து விடுகிறார்கள், ஆக்சிஜனைப் பெரும்பாலும் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுக்கிறார்கள்.

சரி, ஓட்டை விழுந்தால்? 2018 ஆகஸ்ட் மாதம் நிஜமாகவே அது நடந்தது. நிலையத்தோடு இணைந்திருந்த, வீரர்களை ஏற்றிச்செல்லும் ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் ஓட்டை. அழுத்தம் மெல்லக் குறைவது தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிந்தபோது வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், உடனடி ஆபத்து இல்லை என்பதால் அவர்களை எழுப்பக்கூட இல்லை. அப்புறம் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, எபாக்சி பசையும் துணியும் வைத்து அடைத்தார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் இருக்கும் காற்று அந்தச் சின்னத் துளை வழியாகக் காலியாக நாள்கணக்கில் ஆகும்.

ஆனால் சின்ன கலத்தில் அந்த அவகாசம் கிடைக்காது. 1971 ஜூன் 30 அன்று சோயூஸ் 11 பூமிக்குத் திரும்பும்போது, கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் ஒரு வால்வு முன்கூட்டியே திறந்துகொண்டு, உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது. டொப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பட்சாயெவ் மூன்று பேரும் இறந்துபோனார்கள். உள்ளே இடம் போதாது என்பதால், காற்று போனாலும் உயிரைக் காக்கும் அழுத்த உடையை அவர்கள் அணிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சோயூஸில் மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேரை மட்டும் அனுப்பி, இருவருக்கும் அழுத்த உடை கொடுத்தார்கள், மூன்றாவது இருக்கை திரும்பி வர 1980 வரை ஆனது.