சுகர் உள்ளவருக்கு சி.ஆர்.பி. 4.2 என்று வந்தால் சாப்பாட்டில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி இது: டைப் 2 சர்க்கரை நோய், எச்.பி.ஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) 7.8, இப்போது எடுத்த எச்.எஸ்.-சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை நுணுக்கமாக அளக்கும் டெஸ்ட்) 4.2. உடம்பில் அழற்சி இருக்கிறது என்கிறார்கள். இணையத்தில் வரும் 'அழற்சியைக் குறைக்கும் உணவுகள்' பட்டியலைப் பின்பற்றினால் இரண்டும் இறங்குமா?

சாப்பாட்டை மாற்றினால் இறங்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தப் பட்டியல்கள் சொல்லும் காரணத்தால் அல்ல.

முதலில் ரிப்போர்ட்டில் அந்த 4.2-க்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் என்றால், இதய ஆபத்துக் கணக்கில் 1-க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். சில லேப்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று அச்சிடுகின்றன. அப்படியானால் உங்கள் 4.2 உண்மையில் 42. அது சாப்பாட்டு விவகாரமே இல்லை, எங்கோ தொற்று இருக்கிறதா என்று மருத்துவர் தேட வேண்டிய அளவு. பொதுவாக லிட்டருக்கு 10-ஐத் தாண்டினாலே சளி, காய்ச்சல், பல் சீழ், காயம் போன்றவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 4.2 என்றாலும் ஒரே ஒரு டெஸ்டை நம்பாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டின் சராசரியைக் கணக்கில் வையுங்கள்.

இந்த அழற்சி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பிலிருந்து. கொழுப்புச் செல்கள் கொள்ளளவுக்கு மேல் நிரம்பித் திணறும்போது, வெள்ளணுக்களில் ஒரு வகையான மேக்ரோபேஜ்கள் அங்கே வந்து கூடுகின்றன. அவை டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 என்ற வேதிப்பொருட்களை விடுகின்றன. முதலாவது, செல்லுக்குள் இன்சுலின் அனுப்பும் சமிக்ஞையை இடையிலேயே மழுங்கடிக்கிறது. இரண்டாவது கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி.யைச் சுரக்க வைக்கிறது. அதாவது நீங்கள் ரிப்போர்ட்டில் பார்ப்பது புகை, நெருப்பு வேறு இடத்தில். சர்க்கரை தொடர்ந்து ஏறியிருந்தால் அதுவும் ரத்தக் குழாய்ச் சுவரைப் புண்படுத்தி நெருப்புக்கு எண்ணெய் ஊற்றும்.

புகையை மட்டும் அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேருக்கு அழற்சியை நேரடியாகத் தடுக்கும் ஊசி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சி.ஆர்.பி. நன்றாகவே இறங்கியது, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணினால் அந்த மொத்தமும் குறைந்தது. ஆனால் எச்.பி.ஏ1சி நிலையாக இறங்கவில்லை, புதிதாக சர்க்கரை நோய் வருவதும் தடுக்கப்படவில்லை. அழற்சி குறைந்தால் சுகர் தானாகக் குறையும் என்று யாராவது பொடி விற்றால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டின் பலம் வேறு. அது புகையை விட்டுவிட்டு நெருப்புக்குப் போகிறது. அதிலும் முதலிடம் எடைக்கு. அதிக எடை உள்ளவர் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே, அதாவது 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ இறக்கினாலே, பெரும்பாலும் சி.ஆர்.பி.யும் சுகரும் சேர்ந்து இறங்கும். இதற்கு ஈடான ஒற்றை உணவு எதுவும் கிடையாது.

அடுத்தது தட்டு. சுமார் 23 செ.மீ. அகலத் தட்டில் பாதிக்கு மாவுச்சத்து குறைந்த காய்கள், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் அல்லது கோழி, மீதிக் கால் பங்குக்குத்தான் அரிசி, ரொட்டி, கிழங்கு வகையறா. காயையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்கே முதல் ஒரு மணி நேரத்தில் சுகர் ஏறுவது கணிசமாகக் குறைகிறது. செலவில்லாத வழி, ஏனோ பலர் செய்வதில்லை.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் குடல் சுவரைப் பலமாக வைக்கின்றன. பலர் தடுக்கி விழுவதும் இங்கேதான். தோல் நீக்காத முழு மசூர் பருப்பு வெந்தது 200 கிராமில் சுமார் 15 கிராம் நார் இருக்கிறது, சரி. ஆனால் மொத்த மாவுச்சத்தும் 40 கிராம் இருக்கிறது, நாரும் அதற்குள் அடக்கம். வழக்கமான அரிசியைக் குறைக்காமல் அதன்மேல் பருப்பையும் சேர்த்தால் சுகர் ஏறத்தான் செய்யும். பாதாமும் அப்படித்தான்: 30 கிராம் நல்லது, ஆனால் அது 170 கலோரிக்கு மேல். பிஸ்கட்டுக்குப் பதிலாக என்றால் லாபம், பிஸ்கட்டோடு சேர்த்து என்றால் எடைதான் கூடும். நாரை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டி, தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள்.

எண்ணெய் பற்றி வீண் பயம் நிறைய. சூரியகாந்தி, சோயா போன்ற விதை எண்ணெய்கள் அழற்சியைக் கிளப்பும் என்பது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை. அவற்றிலுள்ள லினோலெயிக் அமிலம் ரத்தத்தில் அழற்சி அளவுகளைக் கூட்டுவதாக மனித ஆய்வுகள் காட்டவில்லை. பயப்பட வேண்டியது டிரான்ஸ் கொழுப்புக்கு. லேபிளில் 'பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்று கண்டால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கொழுப்பு மீன் வாரம் இரண்டு முறை நல்லது. மீன் எண்ணெய் மாத்திரை ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடைக் குறைக்கும், எச்.பி.ஏ1சியைப் பெரிதாக அசைக்காது. சர்க்கரை சேர்த்த பானங்களை அடியோடு விடுங்கள், இதில் பேரமே இல்லை.

மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை கேட்பவர்களுக்கு: அது குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உறிஞ்ச வைக்க மிளகுச் சத்து சேர்த்து வரும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரிந்தாலும் ஈறையும் பாருங்கள். பல் துலக்கும்போது ரத்தம் கசிகிறது என்றால் வாயிலேயே நாள்பட்ட அழற்சி இருக்கலாம். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

மாற்றத்தைத் தொடங்கும் முன் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென வெட்டினால் சுகர் 70-க்குக் கீழே விழலாம், டோஸைக் குறைக்க வேண்டிவரும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர், மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ போன்ற உணவுமுறைக்கு மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. சுகர் பெரிதாக ஏறாதபோதே, உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பருப்பு, கொட்டை, கீரை அளவெல்லாம் தனிக் கணக்கு.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, ஒரே சாப்பாட்டுக்கு முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பலருக்கும் 180-க்குள் இருப்பது இலக்கு. எச்.பி.ஏ1சியும் சி.ஆர்.பி.யும் மூன்று மாதம் கழித்துப் போதும். இடையில் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். அது கொழுப்பைக் குறைப்பதோடு சி.ஆர்.பி.யையும் தானே இறக்கும், பெயரைச் சாப்பாடு தட்டிக்கொண்டு போய்விடும்.