கட்டங்களுக்குள் தற்செயல் பாதை: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. கட்டங்கள் போட்ட பலகையில் தற்செயலாக ஒரு பாதை போடும் நிரல் எழுதுகிறேன். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போக வேண்டும். வலது, கீழ் ஆகிய இரண்டு திசைகளுக்கு மட்டுமே அனுமதி. ஒவ்வோர் அடிக்கும் தற்செயலாக 0 அல்லது 1 எடுத்துத் திசையை முடிவு செய்கிறேன். ஓரத்தை ஒட்டிய பாதைகளே அதிகம் வருகின்றன. ஏன்?

பதில்: வணக்கம். சிறிய கட்டம் ஒன்றைக் கையால் போட்டுப் பாருங்கள், விளங்கிவிடும். வலப்பக்கம் 2 அடி, கீழே 2 அடி என்றால் மொத்தம் 6 பாதைகள். ஒவ்வொன்றும் ஆறில் ஒரு முறை வர வேண்டும். உங்கள் முறையில் முதல் இரண்டு அடியும் வலதாக விழுந்தால் சுவர் வந்துவிடும். மீதி இரண்டும் கீழேதான். ஆக அந்தப் பாதையின் வாய்ப்பு 1/4. கீழ், கீழ், வலது, வலது என்பதற்கும் அதே 1/4. மற்ற நான்கு பாதைகளுக்கும் தலா 1/8தான் மிஞ்சுகிறது. பலகை சதுரமாக இல்லாவிட்டால் இந்தச் சாய்வு, அதாவது சில பாதைகளுக்கு மட்டும் கூடுதல் வாய்ப்பு, இன்னும் மோசமாகும்.

வேண்டிய அடிகளை எல்லாம் முதலிலேயே ஒரு பட்டியலில் போட்டுக் குலுக்கிவிடுங்கள்: வலது, வலது, கீழ், கீழ். குலுக்கிய வரிசைதான் உங்கள் பாதை. ஆறுக்கும் சம வாய்ப்பு.

கேள்வி: வரிசைப்படுத்தும் செயற்கூறுக்குள் ஒப்பீட்டின்போது தற்செயல் விடை கொடுத்துக் குலுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதிலும் சாய்வு வரும். ஃபிஷர்–யேட்ஸ் என்ற குலுக்கல் முறை நான்கே வரிதான். கடைசி இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்தையும் தன்னையும் சேர்த்து முன்னால் உள்ள ஏதாவது ஓர் இடத்தோடு மாற்றிக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: நடுவில் தடைகள் இருக்கின்றன. மோதும் பாதையை வீசிவிட்டு மறுபடி குலுக்குகிறேன். சரியா?

பதில்: சம வாய்ப்பு கெடாது, ஆனால் தடைகள் நெருங்கினால் ஆயிரக்கணக்கில் வீச வேண்டியிருக்கும். இலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே எனக்குப் பிடித்த வழி. இலக்கில் 1, தடையில் 0. மற்ற ஒவ்வொரு கட்டத்திலும் வலப்பக்க எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டி எழுதுங்கள். பிறகு நடக்கும்போது வலப்பக்கம் 7, கீழே 3 என்றிருந்தால் பத்தில் ஏழு வாய்ப்பு வலதுக்கு. தொடக்கக் கட்டத்தில் 0 வந்தால் பாதையே இல்லை. எண்கள் மிக வேகமாக வளரும்: தடையே இல்லாத கட்டத்தில் இரு பக்கமும் 34 அடி ஆனாலே 64 பிட் முழு எண் போதாது. பைத்தான் நிரல்மொழியில் அந்தக் கவலை இல்லை.

கேள்வி: விளையாட்டு ஒன்றுக்கு நான்கு திசையிலும் வளைந்து செல்லும், தன்னைத் தானே வெட்டாத பாதை வேண்டும்.

பதில்: இங்கே சம வாய்ப்பை விட்டுவிடுங்கள். கோடுகளின் மேல் நடந்தால், 2×2 சதுரங்களில் மூலைக்கு மூலை இப்படி 12 பாதைகள்; 10×10 சதுரங்களில் அது 25 இலக்க எண். தேவையான தோற்றத்தைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்கை நோக்கியே போய்ச் சற்றே தள்ளாடினால் போதும் என்றால், கட்டங்களுக்குத் தற்செயல் எடை கொடுத்து, மொத்த எடை குறைந்த பாதையைத் தேடும் டைக்ஸ்ட்ரா நிரல்நெறியை ஓட்டுங்கள். நீண்டு சுருண்டு போக வேண்டுமென்றால், அண்டைக் கட்டங்களைக் குலுக்கிவிட்டு டி.எஃப்.எஸ். (ஒரே வழியில் முடிந்தவரை ஆழமாகப் போய், முட்டினால் பின்வாங்கும் தேடல்). எனக்கு இயல்பாகத் தோன்றுவது மூன்றாவது: மனம்போன போக்கில் நடந்து, வந்த கட்டத்துக்கே திரும்பினால் இடையில் உருவான வளையத்தை முழுவதுமாக அழித்துவிடுவது. கணிதவியலாளர் லாலர் 1980இல் ஆராய்ந்த நடை இது. 1996இல் வில்சன் என்ற ஆய்வாளர் இதைக் கொண்டே, எல்லாப் பரவு மரங்களுக்கும் (எல்லா இடங்களையும் வளையமின்றி இணைக்கும் அமைப்புகளுக்கும்) சம வாய்ப்புத் தரும் நிரல்நெறியை அமைத்தார்.

கேள்வி: அந்த நடை முடியாமலே சுற்றிக்கொண்டிருக்குமா?

பதில்: வழி இருந்தால் எப்படியும் போய்ச் சேரும். இலக்கைச் சுற்றிச் சுவர் அடைத்திருந்தால் நிற்கவே நிற்காது. முதலில் பி.எஃப்.எஸ். (அருகிலிருந்து தொடங்கி அடுத்தடுத்த கட்டங்களுக்குப் பரவும் தேடல்) ஓட்டி வழி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைத்தானில் டி.எஃப்.எஸ். பெரிய கட்டத்தில் பிழை காட்டி நின்றுவிடுகிறது.

பதில்: ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கும் ஆழத்துக்கு அங்கே இயல்பு வரம்பு 1000. பட்டியலையே அடுக்காக (கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பதாக) வைத்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: எப்போதாவது ஒரு முறை பாதை தவறாக வருகிறது. மறுபடி ஓட்டினால் காணவில்லை.

பதில்: ஒவ்வோர் ஓட்டத்திலும் விதை எண்ணை, அதாவது தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை, அச்சிடுங்கள். தவறு வந்ததும் அதே எண்ணைக் கொடுத்து ஓட்டினால் அதே பாதை அச்சுப் பிசகாமல் திரும்ப வரும். பிறகு அடி அடியாகப் பார்க்கலாம்.