சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி பசி ஏன்?

கே: என் மகனுக்கு 6 வயது. 36 கிலோ எடை, 124 செ.மீ. உயரம். இரண்டு வயதிலிருந்தே குண்டு. நாலு இட்லி தின்று கை கழுவிய அரை மணியில் பசி என்று அழுகிறான். தைராய்டு சரியாக இருக்கிறது. ‘எம்சி4ஆர்’ மரபணுவைச் சோதிக்கச் சொல்கிறார் டாக்டர். அது அவசியமா?
– வாசகி, திருச்சி

ப: அவசியம்தான். தைராய்டு, கார்டிசால் ஆகிய ஹார்மோன்களின் கோளாறால் எடை ஏறும் பிள்ளைகள் பெரும்பாலும் வளர்த்தி குன்றியிருப்பார்கள். உங்கள் மகனோ வயதுக்கு மீறிய உயரம். சாதாரணமாகக் குண்டான பிள்ளையும் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. 5 வயதுக்கு முன்பே ஏறிய எடையும் அடங்காத பசியும் கூடவே இருப்பதால்தான் மரபணுப் பிழையோ என்ற சந்தேகம் வலுக்கிறது.

எம்சி4ஆர் என்பது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், நரம்புச் செல்களின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஏற்பிப் புரதம். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், சில நரம்புச் செல்களைத் தூண்டி ஆல்ஃபா-எம்எஸ்எச் என்ற பொருளை வெளிவிடச் செய்கிறது. அது இந்த ஏற்பியில் வந்து ஒட்டினால்தான் ‘வயிறு நிறைந்தது’ என்பது மூளைக்கு உறைக்கும். இதை உருவாக்கும் அதே பெயர் கொண்ட மரபணுவில் பிழை இருந்தால் புரதம் சரியாக மடிவதில்லை; பல நேரம் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து சேர்வதே இல்லை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என வரும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும், எடை ஏறும். ஆகவே பெற்றோர் இருவரும் சோதித்துக்கொள்வது நல்லது.

இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் நரம்புகளைத் தூண்டுவதிலும் இதே ஏற்பிக்குப் பங்குண்டு. அது பழுதானவர்களுக்கு எடைக்குத் தகுந்த ரத்த அழுத்தம் இருக்காது, குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள், இன்சுலின் உயர்ந்திருக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் என்சைம் மூன்றையும் பாருங்கள்.

சோதனைக்குச் சில மில்லி ரத்தம் போதும். ரிப்போர்ட்டில் ‘வி103ஐ’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது பலரிடம் உள்ள மாற்றம். எடை கூடாமல் சிறிதளவு காக்கவும் செய்கிறது.

பிழை உறுதியானாலும் உணவுக் கட்டுப்பாடு பலிக்கும். விட்டால் எடை சீக்கிரம் திரும்பிவிடும். தட்டில் அளவாகப் பரிமாறிவிட்டுப் பாத்திரத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். முறுக்கு டப்பா கண்ணில் படக் கூடாது. ‘தின்னிப்பண்டாரம்’ என்று யாரும் கேலி செய்ய வேண்டாம், அவன் பசி நிஜம்.

கே: மரபணுப் பிழையால் வரும் இப்படிப்பட்ட பருமனுக்கு ஊசி இருக்கிறதாமே?
– வாசகர், சேலம்

ப: செட்மெலனோடைடைச் சொல்கிறீர்கள். தினமும் தோலுக்கடியில் போடுவது. 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது எம்சி4ஆர் ஏற்பியைத் தட்டி எழுப்பும் மருந்து. பசி அடங்கும் செய்தி எம்சி4ஆருக்கு வந்து சேரும் முன்பே, லெப்டின் ஏற்பி போன்ற முந்தைய கண்ணியில் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் அந்த அனுமதி. எம்சி4ஆரே பழுதானால் தட்டியும் பெரிய பலனிருக்காது. வேறு ஏற்பி வழியாக வேலை செய்யும் லிராகுளுடைடு என்ற மருந்து, எம்சி4ஆர் பிழை உள்ள பெரியவர்களுக்கும் எடையைக் குறைத்திருக்கிறது. செட்மெலனோடைடு போட்டவர்களுக்குத் தோல் கறுப்பதும் உண்டு. நிறமிச் செல்களில் இருக்கும் எம்சி1ஆர் என்ற உறவுக்கார ஏற்பியையும் அது தூண்டிவிடுகிறது.