பம்ப் மாற்றியும் டிராக்டர் லிஃப்ட் தானாக இறங்குகிறது: கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: என்னிடம் பழைய சிறிய டிராக்டர் ஒன்று உள்ளது. சொந்த நிலத்தில் நானே ஓட்டுகிறேன். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைத் தூக்கி வைத்து எஞ்சினை நிறுத்தினால், அதைத் தாங்கும் லிஃப்ட் கை மெல்ல இறங்கிவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது கை விட்டுவிட்டுத் துள்ளுகிறது. பட்டறையில், லிஃப்டுக்கு ஆயிலை அழுத்தி அனுப்பும் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது என்று புதிது மாற்றினார்கள். முழுப் பணமும் கட்டிவிட்டேன். குறை அப்படியே இருக்கிறது. இப்போது ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் வால்வையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்காததால், ‘பார்த்த கூலி’ தராமல் வண்டியை எடுக்க முடியாது என்கிறார்கள். நான் என்ன செய்வது? வண்டியை எனக்கு விற்றவர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு விவரம்தான் இந்த வழக்கின் உயிர். எஞ்சினை நிறுத்திய பிறகு கை இறங்குகிறது என்கிறீர்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அப்போது பாரத்தைத் தாங்கி நிற்பது லிஃப்ட் சிலிண்டருக்குள் அடைபட்ட ஆயில் மட்டுமே. கை இறங்கினால் அந்த ஆயில் பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம் (ஓ-ரிங்) வழியாகவோ, வால்வு வழியாகவோ கசிகிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது கை துள்ளுவதும் இதே கசிவால்தான்: கை கொஞ்சம் இறங்கியதும் வால்வு ஆயிலை அனுப்பி மறுபடி தூக்குகிறது. இந்த இரண்டு அறிகுறிக்கும் முதலில் பம்பைச் சந்தேகிப்பது முறையல்ல.

ஆனால் அவசரப்படாதீர்கள். ஆயில் சூடானதும் லிஃப்ட் பாரம் தூக்கத் திணறியது என்றால் பம்பும் தேய்ந்திருக்கலாம். பழைய வண்டியில் இரண்டு குறையும் சேர்ந்தே இருப்பதுண்டு. பட்டறைக்காரர் இதைத்தான் எதிர்வாதமாக வைப்பார். பம்ப் மாற்றும் முன் வண்டி எப்படி இருந்தது என்பதை உள்ளபடி இன்றே எழுதி வையுங்கள், உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்து.

‘பழைய வண்டிக்கு உத்தரவாதம் இல்லை’ என்று பட்டறைக்காரர்கள் சொன்னால் அது அரை உண்மை. வண்டி புதிதுபோல் ஓட வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. மெக்கானிக் தன் தொழிலுக்குரிய கவனத்தோடு குறையைக் கண்டறிந்தாரா என்றுதான் கேட்கும். பிரஷர் கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்காமல், ஆயில் அளவையும், பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் சக்‌ஷன் ஃபில்டரையும் பார்க்காமல், விலை கூடிய பாகத்தை முதலில் மாற்றியிருந்தால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று வலுவாக வாதாடலாம். விவசாயம் தொழில்தானே, நீங்கள் எப்படி நுகர்வோர் என்று கேட்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நீங்களே பயன்படுத்துவதை அதே சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை.

அந்த வாதத்துக்குச் சாட்சியம் வேண்டும். கழற்றிய பழைய பம்ப் உங்கள் சொத்து. அதை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தாலோ, தூக்கிப் போட்டுவிட்டோம் என்றாலோ அந்தப் பதிலும் எழுத்தில் இருக்கட்டும். அடுத்து, யாரும் மறுபடி பிரிக்கும் முன் வேறொரு தகுதியான மெக்கானிக்கை வைத்துச் சோதனை செய்யுங்கள். நாள், நேரம் குறிப்பிட்டுப் பட்டறைக்காரரையும் பதிவுத் தபாலில் அழையுங்கள். ஆயில் சூடான நிலையில் கேஜ் காட்டும் அழுத்தம் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு வருகிறதா, எந்தப் பாரத்தோடு, எத்தனை நிமிடத்தில், எவ்வளவு உயரம் இறங்குகிறது என்று எல்லாம் வீடியோவிலும் கையெழுத்திட்ட அறிக்கையிலும் பதிவாக வேண்டும். லேசான இறக்கம் பல வண்டிகளில் இயல்பு. அதனால் ‘இறங்குகிறது’ என்று வெறுமனே எழுதினால் போதாது. புதிய பம்ப் சரியான அழுத்தம் தந்தும் கை இறங்கினால், குறை வேறிடத்தில் இருப்பது உறுதி. நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே தீர்ப்பளிக்கும் என்பதால் இந்த அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

ஒரு வேண்டுகோள்: தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் யாரும் போக வேண்டாம். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் வேண்டாம். அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எந்த இணைப்பைக் கழற்றும் முன்பும் கருவியைத் தரையில் இறக்கிவிடுங்கள்.

வண்டியைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? ஒப்படைத்த பொருளில் உழைத்தவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்திருக்க இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 170 இடம் தருகிறது. பம்ப் வேலைக்கு நீங்கள் கட்டிவிட்டீர்கள். நீங்கள் சம்மதிக்காத வால்வு வேலைக்காக வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. ‘பார்த்த கூலி’ பற்றி முன்பே பேசியிருந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்; பேசியிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். பேசவில்லை, ஆனால் உழவு நேரம் நெருங்குகிறது, தொகையும் சிறியது என்றால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வண்டியை ஓட்டி வந்துவிடுவதே நல்லது. நிர்ப்பந்தத்தால் கொடுத்த பணத்தைப் பின்னர் அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 72-இன்கீழ் திரும்பக் கேட்கலாம். நின்றுபோன டிராக்டரால் நட்டம் உங்களுக்குத்தான்.

வண்டி கைக்கு வந்ததும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். பம்ப் விலையையும் கூலியையும் கேளுங்கள்; புதிய பம்பைத் திருப்பித் தரத் தயார் என்றும் குறிப்பிடுங்கள். அதைச் சொல்லாமல் முழுத் தொகை கேட்டால், பம்பையும் வைத்துக்கொண்டு பணமும் கேட்கிறார் என்பார்கள். பதில் வராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

விற்றவர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவர் டிராக்டர் வியாபாரியல்லாத தனி நபர் என்றால் நுகர்வோர் ஆணையம் போக முடியாது. குறை தெரிந்தும் அவர் பொய் சொல்லி விற்றார் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வாங்கும்போது கருவியைத் தூக்கிப் பார்த்தீர்களா என்பதே அங்கே முதல் கேள்வியாக இருக்கும். அவர் குறையை ஒப்புக்கொண்டு அனுப்பிய செய்தி ஏதும் கைபேசியில் இருந்தால் மட்டும் அந்த வழியை யோசியுங்கள்.