முதலில் பட்டியலை எடுங்கள்

கேள்வி: கொரோனா சமயத்தில் தடுப்பூசி இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருந்தால் தனியாரிலும் இலவசம். அப்படியும் "எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை" என்று போன இதழில் எழுதியிருக்கிறீர்கள். அரசு இன்னும் என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?
— ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: காசு வாங்காமல் கொடுத்தார்கள் என்பது உண்மை. பெரிய காரியம்தான், குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2021 மே மாதத்தை உங்கள் ஊரில் நின்றே ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மே 1 முதல் 18 வயதைத் தாண்டிய எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் 45 வயதுக்குள் இருப்பவர்கள் கோவின் என்ற அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்தே வர வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தத் தளம் அப்போது ஆங்கிலத்தில் இருந்தது. கையில் போன் வேண்டும், அதில் நெட் வேண்டும், ஓடிபி வரவேண்டும், இடம் திறக்கிற நிமிடத்தில் விரல் வேகமாக ஓட வேண்டும். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றித் தரைக்கல் செய்யும் பையன்கள் வேலைக்கு நடுவில் இதைச் செய்திருப்பார்களா? அரசு மையங்களில் நேரில் வந்தும் பதியலாம் என்று மத்திய அரசு இறங்கி வந்தது மே 24-ஆம் தேதி. போனும் நெட்டும் இல்லாதவன் என்ன செய்வான் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது மே 31-இல். அதற்குள் தமிழ்நாட்டில் இரண்டாம் அலை உச்சிக்கே போய்விட்டது. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று.

பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்ற நல்ல திட்டம் மே 8-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மே 10-இல் முழு ஊரடங்கு, பஸ்களே நின்றன. சிவகங்கை மாவட்டத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது ஜூன் கடைசியில்தான். காரைக்குடியில் ஊசி இலவசம் என்றாலும், வண்டி இல்லாத வீட்டுக்காரர்கள் அங்கே எப்படிப் போவது? காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். பெரிய தனியார் மருத்துவமனை வேண்டுமென்றால் மதுரை அல்லது திருச்சி. இரண்டுமே காரைக்குடியிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர்.

தடுப்பூசியே பற்றாக்குறையாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பொருள் குறைவாக இருக்கும்போதுதான் யாருக்கு முதலில் என்ற கேள்வி உயிர்க் கேள்வியாகிறது. அந்த நேரத்தில் உற்பத்தியில் கால் பங்கைத் தனியார் மருத்துவமனைகளுக்கு ஒதுக்கினார்கள். ஜூனில் அங்கே கோவிஷீல்டுக்கு வைத்த உச்ச விலை 780 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 273 ரூபாய். கிட்டத்தட்ட மூன்று நாள் கூலி இருந்தால் வரிசையில் முந்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை எப்படிச் சமம் என்பது?

சரி, என்ன செய்திருக்கலாம்? வழி அந்த மாதமே நம் கண்முன் இருந்தது. கொரோனா நிவாரணத்தின் முதல் தவணை 2,000 ரூபாயை ரேஷன் கடையில் கொடுத்தார்கள். யாரும் எந்தத் தளத்திலும் பதியவில்லை. கடைக்காரர்கள் வீடு வீடாக வந்து தேதியும் நேரமும் போட்ட டோக்கன் கொடுத்தார்கள். பணத்துக்கு முடிந்தது ஊசிக்கு ஏன் முடியாது? பிறகு செப்டம்பர் 12 அன்று ஊருக்கு ஊர் முகாம் போட்டபோது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். "ஜனங்களுக்குப் பயம், அதனால்தான் வரவில்லை" என்று அதுவரை பழி போட்டவர்கள் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பயமும் இருந்தது, மறுக்கவில்லை. பக்கத்தில் வந்தபோது அந்தப் பயத்தை மீறித்தான் அத்தனை பேர் வந்தார்கள்.

செட்டிநாட்டில் இருக்கிற நமக்கு இது புதிதும் இல்லை. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கோயில்களில் புள்ளிக் கணக்கு உண்டு. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. பர்மாவில் இருந்தாலும் மலேயாவில் இருந்தாலும் பெயர் ஏட்டில் இருக்கும். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்றால் முதலில் எல்லோரையும் எழுதி வைக்க வேண்டும் என்று தெரிந்த ஊர் இது. அதே கணக்கைச் சாதி பார்க்காமல் ஊருக்கே போட வேண்டும். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி, அந்த வீட்டைக் காவல் காக்கும் முதியவர், படுக்கையில் கிடப்பவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், போன் இல்லாத வீடு, வெளிமாநிலத்திலிருந்து வந்து ரேஷன் அட்டை இல்லாமல் வேலை பார்ப்பவர் என்று ஒருவர் விடாமல் எழுத வேண்டும். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்களின் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகிறது. இரண்டையும் ரேஷன் கடைப் பட்டியலோடு சேர்த்தாலே முக்கால் வேலை முடிந்தது. இந்த வேலையைத் தொற்று இல்லாத இப்போதே செய்ய வேண்டும். செவிலியர் இடம் காலியாக இருந்தால் அதையும் இப்போதே நிரப்ப வேண்டும். ஆக்ஸிஜன் கருவி வாங்கித் தரும் கொடையாளர்கள் நம் பக்கத்தில் எப்போதும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டியது அரசு.

இன்னொன்று, மாவட்டச் சராசரி எதையும் காட்டாது. காரைக்குடியில் நிறையப் பேர் போட்டுக்கொண்டால், கல்லலுக்கு உள்ளே ஒரு குக்கிராமம் விடுபட்டது அந்த எண்ணில் மறைந்துபோகும். ஊராட்சிவாரியாக, எத்தனை பேர் பாக்கி என்பதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். அடுத்த கிராம சபையில் நீங்களே தொடங்கலாம். தனியாக இருப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், போன் இல்லாதவர்கள் பட்டியலை ஊராட்சி எடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், நகலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கொண்டுபோங்கள். நிறைவேறினால் நகலை எங்களுக்கு அனுப்புங்கள், முழுதாக வெளியிடுகிறோம். மறுத்தால், என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அதையும் வெளியிடுகிறோம்.